வரி கட்டுவதால் மட்டும் வீடு நமதாகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் இதழின் சென்ற வாரப் பதிப்பில் படித்தேன். இன்றும் தம் பாட்டனார் பெயரிலேயே இருக்கும் வீட்டுக்குத் தம் தந்தையாரும் அவருக்குப் பின் தாமும் தவறாமல் மாநகராட்சி வரி செலுத்தி வந்திருப்பதாகவும், குடும்பத்தில் எவரும் மறுப்புச் சொல்லாதபோது வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டிய தேவை என்ன என்றும் அவர் கேட்டிருந்தார். டர்பனில் சொத்து மாற்ற வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பழக்கமானது. இதே கேள்வியைக் கேட்டு வந்த குடும்பங்களில் பல, மறுப்புச் சொல்ல ஒருவர் கிளம்பிய பிறகுதான் வந்தன. அதற்கு முன்பே வந்திருந்தால் செலவும் குறைந்திருக்கும், உறவும் முறிந்திருக்காது என்று அப்போதெல்லாம் மனம் வருந்தியதுண்டு. அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறேன்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் நிலமும் அதன் மேல் நிற்கும் வீடும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு உரிமை மாறுவது பதிவினால்தான். 1937 ஆம் ஆண்டின் 47 ஆம் எண் பத்திரப் பதிவுச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. விலை முழுவதையும் கொடுத்து, சாவியை வாங்கி, பால் காய்ச்சிக் குடிபுகுந்து பல மாதங்கள் ஆகியிருந்தாலும், பத்திரப் பதிவகத்தில் மாற்றப் பத்திரம் நிறைவேறும் நாள்வரை விற்றவரே உரிமையாளர். அதுவரை வாங்கியவர் கையில் இருப்பது, சொத்தை மாற்றித் தரும்படி விற்றவரைக் கேட்கும் உரிமை மட்டுமே. இடையில் விற்றவர் நொடித்துப் போனால் அந்த உரிமை எவ்வளவு மெலிந்தது என்பது அப்போது தெரியவரும். வாய்ச்சொல்லால் பேசி முடித்த விற்பனையோ இன்னும் மோசம். நில விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பாரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று 1981 ஆம் ஆண்டின் 68 ஆம் எண் நில விற்பனைச் சட்டம் விதிக்கிறது. அண்ணன் தம்பிக்குள் கைகுலுக்கி முடித்துக்கொண்ட விற்பனைக்கும் இதே விதிதான்.

வரி ரசீதைப் பொறுத்தவரை, பணம் கட்டியவர் யார் என்பதற்கு அது சான்று. உரிமை யாருடையது என்பதற்கு அது சான்றாகாது. மின்சாரக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் அப்படியே. நெடுங்காலம் வரி செலுத்திய ஒருவர் மற்ற வாரிசுகளிடமிருந்து அவர்களுடைய பங்குக்குரிய தொகையைக் கேட்க முடியும் என்றாலும், வீட்டையே தமக்கென்று கேட்க அந்த ரசீதுகள் உதவமாட்டா.

ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டின் உரிமைப் பத்திரமான டைட்டில் டீடை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் மூலையில் டீ (T) என்ற எழுத்தில் தொடங்கிப் பதிவெண்ணும் ஆண்டும் இருக்கும். உள்ளே எர்ஃப் எனப்படும் மனையின் எண்ணும், நகரியத்தின் பெயரும், டர்பன் பகுதியானால் எஃப்டி (FT) என்ற பதிவுப் பிரிவும், சதுர மீட்டரில் பரப்பளவும் இருக்கும். உரிமையாளரின் பெயருக்குக் கீழே அவர் மணமானவரா, மணமானவரென்றால் கணவன் மனைவி இருவரின் சொத்தும் பொதுவானதா தனித்தனியானதா என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் நம்மவர்கள் வாசிப்பதே இல்லை. நம் பெரியவர்களின் பத்திரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயர்களைக் குடியேற்ற அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். அதனால் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டலும், அடையாள அட்டையில் வேறொன்றும், மரணச் சான்றிதழில் மூன்றாவது ஒன்றும் இருப்பதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். மூன்றும் ஒருவரையே குறிப்பவை என்று உறுதிமொழிப் பத்திரம் தந்து நிறுவுவதற்கு அவரை நேரில் அறிந்த மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே முயல்வது நல்லது. பத்திரமே தொலைந்துவிட்டாலும் அஞ்ச வேண்டாம். பதிவேடு பொதுவானது; சிறு கட்டணம் செலுத்தினால் யாரும் தேடிப் பார்க்கலாம். குவாசுலு நேட்டாலுக்கான பதிவகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது.

இனி, இறந்தவர் பெயரில் இருக்கும் வீட்டைப் பார்ப்போம். தகப்பனார் கண் மூடியதும் வீடு தானாகவே பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது என்பதே நம்மிடையே உள்ள பொதுவான எண்ணம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1965 ஆம் ஆண்டின் 66 ஆம் எண் சட்டப்படி, இறந்தவரின் சொத்து முழுவதும் ஒரு தொகுப்பாகி, அதை நிர்வகிக்கும் ஒருவரை உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் என்ற அதிகாரி நியமிக்கிறார். மரண அறிவிப்பை 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தொகுப்பின் மதிப்பு 250,000 ரேண்டுக்கு மேற்படாவிட்டால் மாஸ்டர் தரும் அதிகாரக் கடிதம் ஒன்று போதும். மேற்பட்டால் தொகுப்பை நிர்வகித்துப் பங்கிடும் எக்சிகியூட்டர் ஒருவரின் நியமனம் வேண்டும். வீடு உள்ள குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் வரும். எக்சிகியூட்டர் அரசிதழிலும் உள்ளூர்ச் செய்தித்தாளிலும் விளம்பரம் கொடுத்துக் கடன்காரர்களை அழைத்து, கணக்கெழுதி, அந்தக் கணக்கை 21 நாட்கள் எல்லாரும் பார்வையிட வைத்து, அதன் பின்னரே வாரிசுகளின் பெயருக்கு மாற்ற முடியும். அதுவரை வாரிசுக்கு இருப்பது எக்சிகியூட்டரிடம் தன் பங்கைக் கேட்கும் உரிமைதான். அவர் இன்னும் உரிமையாளர் ஆகவில்லை.

பாட்டனாருக்குப் பின் தகப்பனாரும் காலமாகிவிட்டால் வேலை இரட்டிப்பாகிறது. பாட்டனாரின் தொகுப்பை முடித்து, அதில் தகப்பனாருக்கு வர வேண்டிய பங்கை அவருடைய தொகுப்பில் சேர்த்து, பிறகே பேரனுக்கு வர முடியும். பாட்டனாருக்கு ஆறு பிள்ளைகள் இருந்து அவர்களில் நால்வர் மறைந்திருந்தால் எத்தனை தொகுப்புகள், எத்தனை கையெழுத்துகள் என்று எண்ணிப் பாருங்கள். கையெழுத்திட வேண்டியவர்களில் ஒருவர் ஜோகன்னஸ்பர்க்கிலும் ஒருவர் ஆஸ்திரேலியாவிலும் இருப்பார். ஒருவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாது. எவரும் மறுப்புச் சொல்லாத காலம்தான் இந்த வேலையைச் செய்து முடிக்கத் தகுந்த காலம். சென்ற வாரம் எழுதிய வாசகருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே: பாட்டனாரின் மரணச் சான்றிதழோடு மாஸ்டர் அலுவலகத்துக்குச் சென்று, அவர் பெயரில் எப்போதாவது கோப்புத் திறக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். வாரிசாக வரும் வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி என்ற மாற்று வரி கிடையாது என்பது பலருக்குத் தெரியாததால், அந்த வரிக்கு அஞ்சியே ஒதுங்கி இருப்பவர்களும் உண்டு.

பதிவுதான் எல்லாம் என்ற விதிக்கு விலக்குகள் இல்லாமலில்லை. அவற்றில் ஒன்றை நம்மவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 30 ஆண்டுகள் ஓர் இடத்தில் இருந்துவிட்டால் அது நமக்குச் சொந்தம் என்கிறார்கள். 1969 ஆம் ஆண்டின் 68 ஆம் எண் சட்டம் அப்படியொரு வழியை வைத்திருப்பது உண்மை. ஆனால் 30 ஆண்டுகளும் தானே உரிமையாளன் என்ற முறையில், மறைவின்றி, இடைவிடாமல் அனுபவித்திருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரும், உரிமையாளர் இசைவோடு இருப்பவரும் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அதைக் கோர முடியாது. பெற்றோர் இடம் கொடுத்ததால் அவர்கள் வீட்டில் தங்கிய மகன் இசைவோடு இருந்தவர்தான்.

இன்னொரு விதியால் ஏற்படும் துயரமே நான் கண்டவற்றுள் பெரியது. நிலத்தோடு நிலையாகச் சேர்ந்துவிட்ட கட்டடம், யார் கட்டியிருந்தாலும் நிலத்துக்கு உரியவரையே சேரும். இது நம் நாட்டுச் சட்டத்துக்கு அடித்தளமான ரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மெர்பேங்கிலும் வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங் என்ற தனிக் கட்டடம் இல்லாத மனை அரிது. மணமான மகனுக்கென்று இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் எழும்புகின்றன. எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் பிளாஸ்டிக் பை நிறைய ரசீதுகளோடு வந்தார். சிமெண்ட், பிளாக், கூரைத் தகடு, குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் தேதியோடு ரசீது இருந்தது. ஒன்றைக்கூட அவர் தவறவிட்டிருக்கவில்லை. தாயார் மறைந்த பின் மூத்த அண்ணன்மாரின் பிள்ளைகள் முழு மனையையும் விற்க வேண்டும் என்றார்கள். பின்கட்டு தம்முடையது, முன்வீட்டை மட்டும் விற்றுக்கொள்ளட்டும் என்று இவர் நம்பியிருந்தார். பதிவேட்டில் ஒரே எர்ஃப்தான் இருந்தது. அது தாயார் பெயரில் இருந்தது. அந்த ரசீதுகளைக் கொண்டு, மனையின் மதிப்பு உயர்ந்ததற்கு ஈடாக ஒரு தொகையைக் கேட்கலாம் என்பதற்கு மேல் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. கட்டத் தொடங்கும் முன்பே ஓர் எழுத்து ஒப்பந்தமோ, மனையைப் பிரித்துப் பதியும் முயற்சியோ நடந்திருந்தால் அவர் நிலை வேறாக இருந்திருக்கும். பெற்ற தாயிடம் கையெழுத்துக் கேட்பதா என்று தயங்கியதாக அவர் சொன்னார். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. எனினும் அந்தக் கையெழுத்து தாய்மீது கொண்ட ஐயத்தினால் கேட்பதன்று. தாய்க்குப் பின் வருபவர்களை முன்னிட்டுக் கேட்பது.

வீடு பலர் பெயரில் கூட்டாகப் பதிவாகும்போதும் தவறான எண்ணங்கள் உண்டு. முன்னறை அண்ணனுக்கு, மாடி தம்பிக்கு என்று வீட்டுக்குள் பேசிக்கொள்ளலாம். சட்டத்தின் பார்வையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு செங்கல்லிலும் பிரிக்கப்படாத பங்கு இருக்கிறது. ஒருவர் தம் பங்கை மற்றவர்களைக் கேளாமல் வேற்றாருக்கு விற்கவும் முடியும். ஒத்துப்போக முடியாவிட்டால், கூட்டுரிமையை முடிவுக்குக் கொண்டுவரும்படி எந்தப் பங்காளியும் நீதிமன்றத்தைக் கேட்கலாம். சிறு மனையைத் துண்டாக்க இயலாது என்பதால் அது பெரும்பாலும் விற்பனையில்தான் முடியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக என்று பெற்றோர் அன்போடு எழுதும் உயில் இப்படி முடிவதைப் பார்த்த பிறகு, வீட்டை ஒருவருக்கும் அதற்கு ஈடான பணத்தை மற்றவர்களுக்கும் கொடுக்கும் ஏற்பாட்டையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.

நம் சமூகத்தில் பத்திரத்தின் மீதும் பதிவகத்தின் மீதும் இருக்கும் அவநம்பிக்கைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு என்பதை நான் மறக்கவில்லை. டிரான்ஸ்வாலில் 1885 ஆம் ஆண்டின் 3 ஆம் எண் சட்டம், ஒதுக்கப்பட்ட தெருக்களுக்கு வெளியே இந்தியர்கள் நிலம் வைத்திருப்பதைத் தடுத்தது. அங்கே நம் வணிகர்கள் வெள்ளையர் ஒருவரின் பெயரில் பதிந்து, நம்பிக்கையின் பேரில் அனுபவிக்க வேண்டியிருந்தது. நேட்டாலில் 1943 இலும் 1946 இலும் வந்த சட்டங்கள் இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தின. 1946 இன் சட்டத்தை எதிர்த்து நம் பெரியோர்களும் தாய்மார்களும் சிறை சென்றார்கள். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950 ஆம் ஆண்டின் குழுவாரிப் பகுதிச் சட்டம், முறையாகப் பதிந்த பத்திரம் கையில் இருந்தவர்களையும் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து வெளியேற்றியது. பத்திரம் இருந்தும் வீடு போயிற்றே, பிறகு பத்திரம் எதற்கு என்று என் வயதொத்தவர்கள் கேட்கும்போது, அதில் ஓர் அனுபவத்தின் வலி இருக்கிறது. அந்தச் சட்டம் 1991 இல் நீக்கப்பட்டது. 1996 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 25 ஆம் பிரிவு, எல்லாருக்கும் பொதுவான சட்டத்தின் வழியாகவன்றி எவருடைய சொத்தையும் பறிக்க முடியாது என்கிறது. 1913 ஜூன் 19 க்குப் பின் இனவாதச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் மீட்புக் கோர 1998 டிசம்பர் 31 வரை காலம் கொடுக்கப்பட்டது. அப்போது பழைய பத்திரத்தையோ பத்திர எண்ணையோ பத்திரமாக வைத்திருந்த குடும்பங்களின் கோரிக்கைகளுக்கு வலு இருந்தது; எல்லாவற்றையும் வாய்மொழியாகவே வைத்திருந்தவர்கள் தங்கள் இடத்தை நிறுவப் பெரிதும் அலைந்தார்கள். அன்று அநீதி இழைத்தது பதிவேடு அன்று, அதன் மேல் சுமத்தப்பட்ட இனச் சட்டம். இந்த வேறுபாட்டை நம் இளையவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை என்று உறுதியாக நம்புகிறேன்.

திருமணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. கோயிலில் தாலி கட்டி, உற்றார் உறவினர் வாழ்த்தி நடந்த திருமணமானாலும், திருமண அதிகாரியாக நியமனம் பெற்ற ஒருவர் நடத்திப் பதிவு செய்யாவிட்டால், 1961 ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்தின்படி அது திருமணமாகாது. அந்தச் சட்டம் இந்தியச் சமயச் சடங்குகளின்படி மணம் நடத்துவோரையும் அதிகாரிகளாக நியமிக்க இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே நம் குருக்கள் அந்த நியமனம் பெற்றவரா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. மணத்துக்கு முன் நோட்டரி முன்னிலையில் ஒப்பந்தம் செய்துகொள்ளாதவர்கள் பதிவுத் திருமணம் செய்தால், இருவர் சொத்தும் பொதுவாகிவிடும். அப்போது பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும் இருந்தாலும் பாதி மனைவியுடையது. அவருடைய எழுத்து இசைவின்றி விற்கவோ அடகு வைக்கவோ கூடாது.

இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டுகிறேன். கடனற்ற வீட்டின் மதிப்பு 900,000 ரேண்ட் என்று கொள்வோம். வேறு சொத்து இல்லை, உயிலும் இல்லை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். சொத்து பொதுவாக இருந்தால் 450,000 ரேண்ட் முதலிலேயே மனைவியுடையது. எஞ்சிய 450,000 தான் பங்கிடப்படும் தொகுப்பு. உயில் இல்லாத இடத்தில் 1987 ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், பிள்ளைப் பங்கு அல்லது 250,000 ரேண்ட், இவற்றில் எது அதிகமோ அதை வாழ்க்கைத் துணைக்குக் கொடுக்கிறது. பிள்ளைப் பங்கு என்பது மனைவியையும் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணித் தொகுப்பைச் சமமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. இங்கே அது 112,500 தான் என்பதால் அம்மாவுக்கு 250,000 கிடைக்கிறது. ஆக மொத்தம் அவர் கையில் 700,000. சமயச் சடங்கோடு நின்றுவிட்ட திருமணமானால் பொதுச் சொத்து என்பதே இல்லை. அத்தகைய இந்து மனைவியையும் வாரிசுரிமைச் சட்டத்தின் நோக்கில் வாழ்க்கைத் துணையாக ஏற்க வேண்டும் என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பது பெரிய ஆறுதல். எனினும் அப்படி ஏற்றாலும் முழு 900,000 இல் பிள்ளைப் பங்கு 225,000 ஆக வருவதால், அவருக்குக் கிடைப்பது 250,000 மட்டுமே. எஞ்சிய 650,000 பிள்ளைகளுக்குப் போகும். ஒரே வீடு, ஒரே குடும்பம், ஒரே அளவு உழைப்பு. பதிவு செய்யாத காரணத்தால் அந்த அம்மா 450,000 ரேண்டை இழக்கிறார். பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தால் குறையில்லை. மருமக்களும் கடன்காரர்களும் விவாகரத்துகளும் குறுக்கே வரும்போது அந்த நல்ல மனம் மட்டும் போதுவதில்லை.

உயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 16 வயது நிறைந்த எவரும் எழுதலாம். 14 வயது நிறைந்த இரு சாட்சிகள் முன்னிலையில் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திட வேண்டும். பயன்பெறும் பிள்ளையைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது. போட்டால் பொதுவாக அவருடைய பங்கே போய்விடும். வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவிட்டு, மனைவி ஆயுள் முழுவதும் அதில் வசித்து அனுபவிக்கும் உரிமையையும் எழுதி, அதைப் பத்திரத்தோடு சேர்த்துப் பதியவும் முடியும்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் தேசிய உயில் வாரம் நடக்கிறது. அதில் பங்கேற்கும் வழக்கறிஞர்கள் எளிய உயில்களைக் கட்டணமின்றி எழுதித் தருகிறார்கள். அவ்வாரத்துக்கு முன்னதாகவே, டர்பன் வட்டாரத்தில் பங்கேற்கும் அலுவலகங்களின் பட்டியலைத் தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன். கோயில் நிர்வாகக் குழுக்கள் அந்தப் பட்டியலை வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் அறிவித்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினால், ஆங்கிலச் செய்தித்தாள் வாசிக்காத நம் மூத்த தாய்மார்களுக்கும் அது எட்டும். செல்பவர்கள் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், டைட்டில் டீட் அல்லது அதன் எண் ஆகிய மூன்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும் என்ற குறிப்பையும் அதனுடன் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற சொத்து மாற்ற எழுத்தர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.